தோட்டாக் கணக்கு

காண்டவ வனத்தை எரிக்கப் புகுந்த அக்கினி தேவன், அருச்சுனனுக்குக் காண்டீபத்தோடு அம்பறாத்தூணியையும் வருணனிடமிருந்து பெற்றுத் தந்தான் என்று பாரதக் கதை கூறும். எடுக்க எடுக்க அம்பு குறையாமை அத்தூணியின் சிறப்பு. களத்தில் நிற்பவனுக்குக் கையிருப்புத் தீர்ந்துவிடுமோ என்னும் அச்சம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இக்கற்பனையே சான்றாகும். குறையாத தூணியைத் தேவர்கள் தந்தனர். குறைவாகக் குறையும் தூணியை மனிதன் தானே செய்துகொள்ள முயன்றான். அம்முயற்சியின் விளைவே துப்பாக்கியின் தோட்டாக்கூடு.

சிறு துப்பாக்கி ஒன்றை வாங்குவோர் கேட்கும் கேள்விகளுள் முதன்மையானது, "கூட்டில் எத்தனை தோட்டா கொள்ளும்?" என்பது. ஐந்தா, பத்தா, இருபத்தைந்தா? வேட்டைக்காரருக்கும் குறிபார்க்கும் விளையாட்டு வீரருக்கும் இது வசதி பற்றிய கேள்வி. ஆனால் இக்கேள்வியைப் படைத்தலைவர்கள் கேட்டிருக்கின்றனர், ஆட்சியாளர்கள் கேட்டிருக்கின்றனர், நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. மலாயாவில் அக்கேள்விக்கான விடை சில தமிழர்களின் கழுத்துக் கயிற்றோடு முடிச்சிடப்பட்டிருந்தது. ஆதலின் தோட்டாக்கூட்டின் கதை தொழில்நுட்பக் கதையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

விளிம்பில் வெடிக்கும் தோட்டா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை துப்பாக்கிக்குள் மருந்தை வாய்வழியே கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்துச் சுட வேண்டியிருந்தது. தேர்ந்த வீரன்கூட ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவதே அரிது. மருந்தும் குண்டும் தீப்பொறிக் கலவையும் ஒரே உலோகக் குப்பியில் அடங்கிய தோட்டா தோன்றிய பின்னரே நிலைமை மாறியது.

1845-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளர் புளோபேர் என்பவர், வீட்டுக்குள் குறிபார்த்து விளையாடுவதற்கென்று ஒரு சிறு தோட்டாவை உருவாக்கினார். அதன் அடியொற்றி அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தார் 1857-இல் .22 அளவுத் தோட்டாவையும், அதனைச் சுடும் ஏழு குண்டுச் சுழல் துப்பாக்கியையும் வெளியிட்டனர். இவ்வகைத் தோட்டாவின் அடிவிளிம்புக்குள் தீப்பொறிக் கலவை வளையம்போல் பரவியிருக்கும். விசையை அழுத்தியதும் அடிமுள் விளிம்பை நசுக்கும், கலவை பற்றும், மருந்து வெடிக்கும். விளிம்பில் அடிபடுவதால் இதனை விளிம்படித் தோட்டா எனலாம். பின்னர்ப் பெருகிய பெரிய தோட்டாக்களில் தீப்பொறிக் கலவை நடுவில் தனிக் கிண்ணத்தில் பொருத்தப்பட்டது; அவை நடுவடித் தோட்டாக்கள்.

விளிம்படித் தோட்டாவுக்கு ஒரு குறை உண்டு. விளிம்பு நசுங்க வேண்டுமாயின் குப்பியின் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய குப்பி மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவே பெரிய விளிம்படித் தோட்டாக்கள் காலப்போக்கில் மறைந்தன, சிறிய.22 மட்டும் நிலைத்தது. 1887-ஆம் ஆண்டு ஸ்டீவன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய .22 லாங் ரைபிள் தோட்டாவே இன்றளவும் உலகெங்கும் பயிற்சிக் களங்களிலும் விளையாட்டரங்குகளிலும் ஒலிக்கின்றது. விலை மலிவு, உதைப்பு இல்லை, ஓசை குறைவு. துப்பாக்கி பிடிக்கக் கற்கும் மாணவனின் கையில் முதலில் கொடுக்கத் தக்கது இதுவே.

பிளெவ்னா புகட்டிய பாடம்

தோட்டா உலோகக் குப்பியில் அடங்கியதும், பல தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கும் கூட்டினை அமைத்தல் எளிதாயிற்று. பெஞ்சமின் டைலர் ஹென்றி என்னும் அமெரிக்கர் 1860-இல் உரிமம் பெற்ற துப்பாக்கியில், குழலின் அடியில் மற்றொரு குழாய் பொருத்தப்பட்டிருந்தது. அதனுள் .44 அளவுடைய விளிம்படித் தோட்டாக்கள் பதினாறு நீளவாக்கில் அடங்கின. அதே காலத்தில் தோன்றிய ஸ்பென்சர் துப்பாக்கி, பிடிக்கட்டைக்குள் ஏழு தோட்டாக்களைக் கொண்டது. ஹென்றியின் வழிவந்த 1866-ஆம் ஆண்டு வின்செஸ்டரும் அதே .44 விளிம்படித் தோட்டாவையே பயன்படுத்தியது.

பெரிய கூடு கொண்ட விளிம்படித் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எத்தகைய விளைவைத் தரும் என்பதை உலகம் 1877-ஆம் ஆண்டு கண்டது. உருசியப் படை பல்கேரியாவிலுள்ள பிளெவ்னா நகரை முற்றுகையிட்டது. உஸ்மான் பாட்சாவின் தலைமையில் நகரைக் காத்த துருக்கியரிடம் இருவகைத் துப்பாக்கிகள் இருந்தன. தொலைவில் வரும் பகைவரைச் சுட ஒற்றைத் தோட்டா இடும் பீபாடி–மார்ட்டினி. அருகில் நெருங்கியவரைச் சுட வின்செஸ்டர். சூலை 30-ஆம் நாள் தாக்குதலில் மட்டும் உருசியத் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டனர். அகழியை நெருங்கியவர்கள் எதிர்ப்பக்கம் தோட்டா இடும் இடைவெளியை எதிர்பார்த்தே ஓடினர்; அந்த இடைவெளி வரவேயில்லை. இறுதியில் பட்டினியால் திசம்பர்த் திங்களில் நகரம் வீழ்ந்ததெனினும், ஐரோப்பியப் படைத்தலைவர்கள் அனைவரும் தத்தம் படைக்குக் கூடுள்ள துப்பாக்கி தேடலாயினர்.

குழாய்க் கூட்டுக்கு ஓர் இடர் இருந்தது. நீளவாக்கில் அடுக்கும்போது ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவடித் தோட்டாவில் தீப்பொறிக் கலவை அந்த இடத்திலேயே இருப்பதால், கூர்முனைக் குண்டு அதிர்ச்சியில் அதனைக் குத்தி வெடிக்கச் செய்யலாம். விளிம்படித் தோட்டாவிலோ கலவை விளிம்பில் ஒதுங்கியிருப்பதால் இந்த அச்சமில்லை. அதனாலேயே படைத்துப்பாக்கிகளில் வழக்கொழிந்த குழாய்க் கூடு, .22 துப்பாக்கியில் இன்றும் வாழ்கின்றது.

படைத்துப்பாக்கிகளுக்கு வழிகாட்டியவர் இசுகாட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. அவர் 1879-இல் உரிமம் பெற்ற கூடு ஒரு பெட்டி. தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். அடியிலுள்ள வில் அவற்றை மேலே தள்ளும். 1888-ஆம் ஆண்டு பிரித்தானியப் படை ஏற்ற லீ–மெட்போர்டு துப்பாக்கியில் முதலில் எட்டுத் தோட்டாவும் பின்னர்ப் பத்துத் தோட்டாவும் அடங்கின. அதன் வழித்தோன்றலே மலாயா மக்கள் நன்கறிந்த .303 லீ–என்பீல்டு.

கூடும் ஐயமும்

பத்துத் தோட்டாக் கூட்டை ஏற்ற அதே அரசு, அக்கூட்டை அடைத்துவைக்க ஒரு தகட்டையும் துப்பாக்கியில் பொருத்தியது என்பது வியப்புக்குரிய செய்தி. தகட்டைத் தள்ளிவிட்டால் கூட்டிலுள்ள தோட்டா மேலே வாராது. வீரன் ஒவ்வொன்றாகக் கையால் இட்டே சுட வேண்டும். கையில் தோட்டா மிகுந்திருந்தால் வீரன் அதனை வீணாக்கிவிடுவான் என்று தளபதிகள் எண்ணினர். முதல் உலகப் போரின் இடையில்தான் அத்தகடு கைவிடப்பட்டது. தன் படைவீரனையே முழுதும் நம்பாத மனப்பான்மை இது.

சொந்த நாட்டு வீரனிடமே இத்தனை ஐயம் கொண்டவர்கள், ஆளப்படும் மக்களிடம் எத்துணை ஐயம் கொண்டிருப்பர்! கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்டு, மருது சகோதரரும் 1801-இல் வீழ்த்தப்பட்ட பின், தென்தமிழ்ப் பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதை அதே ஆண்டின் திசம்பர்த் திங்களில் கம்பெனி ஆட்சி தடைசெய்தது. வேலும் வாளும் நாட்டுத் துப்பாக்கியும் ஒப்படைக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், இந்தியப் படைவீரருக்குப் பெரும்பாலும் வெள்ளைப் படைவீரர் பயன்படுத்தி ஒதுக்கிய முந்திய தலைமுறைத் துப்பாக்கியே தரப்பட்டது. லிட்டன் பிரபு 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தலைக் குற்றமாக்கியது; ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது.

அக்காலத் தமிழர் துப்பாக்கியின் முன்னே எவ்வாறு நின்றனர் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு காட்சியை வழங்குகின்றது. போயர் போரின்போது காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்சுப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். நேட்டால் தோட்டங்களின் ஒப்பந்தத் தொழிலாளரே அவர்களுள் மிகுதி. அவர்களுள் தமிழர் பலர். ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் ஏற்றும் போயர்களின் மவுசர் துப்பாக்கிகள் முழங்கிய இசுபியன் கோப் குன்றின் அடிவாரத்தில், 1900-ஆம் ஆண்டு சனவரியில், அவர்கள் கையில் இருந்தவை காயமுற்றோரைச் சுமக்கும் தூளிகள் மட்டுமே.

கரும்பும் இரப்பரும் விளைந்த மண்

அதே ஒப்பந்தமுறை தமிழரைப் பினாங்குக்கும் கொணர்ந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800-ஆம் ஆண்டு கெடா சுல்தானிடமிருந்து பெற்று, வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டது. இன்றைய செபராங் பிறை அதுவே. அதன் தென்பகுதியில் சுங்கை பாக்காப், நிபோங் திபால், பத்து காவான் ஆகிய இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரவின. சீன முதலாளிகளும் ஐரோப்பியக் கம்பெனிகளும் அவற்றை நடத்தினர். சுங்கை பாக்காப் ஊரின் தொடக்க வரலாற்றோடு கீ லாய் ஹுவாட் என்னும் சீனக் கரும்புத் தோட்ட அதிபரின் பெயர் இணைந்துள்ளது. சஞ்சிக்கூலிகளாக வந்த தமிழர் கரும்பு வெட்டினர். ஆலையில் சாறு காய்ச்சினர். சஞ்சிமுறை ஆளெடுப்பு 1910-இல் முடிவுற்றது. கங்காணி முறை நிலைபெற்றது. கரும்பு நின்ற இடத்தில் இரப்பர் மரம் நின்றது. கலிடோனியா, வால்டோர் முதலிய தோட்டப் பெயர்கள் அவ்வட்டாரத் தமிழரின் பிறப்புச் சான்றிலும் பள்ளிப் பெயரிலும் கலந்துவிட்டன.

தோட்டத்தில் துப்பாக்கி யாரிடம் இருந்தது? துரையின் மாளிகைச் சுவரில் இருந்தது. காவலர் கொட்டடியில் இருந்தது. லயத்தில் இருந்தவை பால்வெட்டுக் கத்தியும் காண்டாக் கம்பும். 1941-ஆம் ஆண்டு மே திங்களில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் ஊதிய உயர்வும் மதிப்பான நடத்துதலும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, துப்பாக்கியின் மறுமுனையில் நின்றவர்கள் தமிழர்களே. ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

மலாயாத் தமிழன் பெருந்திரளாகத் துப்பாக்கியைக் கையில் ஏந்திய முதற்காலம் சப்பானியர் ஆட்சிக் காலமாகும். 1942-இல் அமைந்த இந்திய தேசிய இராணுவம், 1943 சூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமையேற்றபின் புத்துயிர் பெற்றது. பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் நடத்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையத்திலிருந்து இளைஞர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சிப் பாசறை சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. பிரித்தானியர் விட்டுச்சென்ற லீ–என்பீல்டு துப்பாக்கியே அவர்களுக்கும் வாய்த்தது. நேற்று வரை கங்காணியின் குரலுக்கு எழுந்து பிரட்டுக்களத்தில் நின்ற தோட்டத்துப் பிள்ளைகள், பத்துத் தோட்டாக் கூட்டைக் கழற்றவும் மாட்டவும் கற்றனர். அவர்களுள் பலர் போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பினர். நிமிர்ந்து நடக்கப் பழகிய முதுகு மீண்டும் வளைய மறுத்தது. போருக்குப் பிந்திய தொழிற்சங்க எழுச்சியில் அப்பயிற்சிக்கும் பங்குண்டு.

ஓர் ஆண்டு, இரு நாடுகள்

1948-ஆம் ஆண்டு சூன் திங்கள். சுங்கை பாக்காப்புக்கு அண்மையில், நிபோங் திபாலின் கலிடோனியாத் தோட்டத்து மாளிகையில், பினாங்கு இரப்பர்த் தோட்டங்களின் உரிமைக் குடும்பத்தைச் சார்ந்த ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என்று மக்கள் அழைக்கும் கட்டடம் அது. சுட்டவர் யாரென்பது நிறுவப்படவில்லை. அதே திங்கள் 16-ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்குத் தண்டனை என்று அவசரகால விதிகள் வகுக்கப்பட்டன. தன்னிடம் அது இருந்தமைக்குத் தக்க காரணம் காட்ட வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுந்தது.

அடுத்த மாதமே, 1948 சூலையில், கடலுக்கு அப்பால் விடுதலை பெற்ற இந்தியாவில் தேசிய மாணவர் படை தொடங்கப்பெற்றது. சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் கல்லூரி மாணவர்கள் காக்கி உடையணிந்து, அரசு தந்த .22 விளிம்படித் துப்பாக்கியால் குறிபார்க்கப் பழகினர். எழுபது ஆண்டுகட்கு முன் லிட்டன் சட்டம் பறித்ததை விடுதலை நாடு தன் பிள்ளைகளின் கையில் எண்ணிக் கொடுத்தது. ஒரே குருதி, ஒரே மொழி, ஒரே ஆண்டு. அங்கே தோட்டா மாணவனுக்குப் பாடம். இங்கே தோட்டா தொழிலாளிக்குத் தூக்குக் கயிறு. துப்பாக்கியின் பொருளை அதனைச் சூழ்ந்துள்ள அரசியலே முடிவு செய்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆறு தோட்டா

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து, இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, பின்னர்த் தொழிற்சங்கத்தில் உயர்ந்தவர். மலாயா கணபதி என்றே தமிழ்நாட்டாரும் அவரை அறிந்தனர். 1948 சூனில் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டது. 1949 மார்ச்சுத் திங்களில் ரவாங் அருகில் ஒரு தோட்டப் பகுதியில் அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாவும்.

அத்துப்பாக்கியைத் தாம் கண்டெடுத்ததாகவும், காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் பொருட்டே எடுத்துச் சென்றதாகவும் கணபதி கூறினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அம்மாதமே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்தியாவில் கண்டனக் குரல் எழுந்தது. மலாயாவில் இந்திய அரசின் பேராளராக இருந்த ஜான் திவியும், இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனும் அவர் உயிர் காக்க முயன்றனர். 1949 மே 4-ஆம் நாள் காலையில் கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள், அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு நாள் இடைவெளியில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் இரு தலைவர்களை இழந்தனர்.

கணபதியின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உளர். அவசரகாலத்தில் காட்டுப் படையினரால் தோட்டத் தொழிலாளரும் மாண்டனர் என்பதையும் மறத்தல் தகாது. ஆயினும் சட்டத்தின் கணக்கு எண்ணத் தக்கது. கணபதி அத்துப்பாக்கியால் எவரையேனும் சுட்டார் என்பது குற்றச்சாட்டன்று. வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அவ்விதிகளின் கீழ் ஆறு தோட்டாவுக்கும் அறுநூறு தோட்டாவுக்கும் தண்டனை ஒன்றே.

சாம்பசிவம் வழக்கு

அதே காலத்தில் சொகூரில் சாம்பசிவம் என்னும் தமிழர் மீது இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. துப்பாக்கி ஏந்தியமை ஒன்று. தோட்டாக்கள் வைத்திருந்தமை மற்றொன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றச்சாட்டை மட்டும் மறுபடி விசாரிக்க நீதிபதி ஆணையிட்டார். மறுவிசாரணையில், தம்மிடம் துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன என்று அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் சான்றாக வைக்கப்பட்டது. அதன் வலிமையில் அவருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1950-இல் மெக்டெர்மட் பிரபு வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: தோட்டா வைத்திருக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் விடுதலை செய்தபின், அதே தரப்பாரிடையே நிகழும் பின்னைய வழக்கில் அரசு அவ்விடுதலையை உண்மையென்றே கொண்டு ஒழுக வேண்டும். வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய்யென்று சட்டம் முடிவு செய்துவிட்டது. மறுபாதியை எடைபோடுவோர்க்கு அதனை அறிவித்திருத்தல் வேண்டும். மேல்முறையீடு ஏற்கப்பட்டது, சாம்பசிவத்தின் கழுத்து தப்பியது. ஒரு தமிழரின் பெயர் தாங்கிய அத்தீர்ப்பு, விடுதலைத் தீர்ப்பின் வலிமையைக் கூறும் முன்மாதிரியாகப் பல நாட்டு நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டு வருகின்றது. கணபதிக்குத் தூக்கும் சாம்பசிவத்துக்கு உயிரும் தந்தது ஒரே காலத்துச் சட்டம். இடையில் நின்றது ஒரு மேல்முறையீடு.

விடுதலைக்குப் பின்னர்

1960-ஆம் ஆண்டு அவசரகாலம் முடிவுற்றது. அவ்வாண்டே ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின. பாதுகாப்பு வட்டாரமென்று அறிவிக்கப்பட்ட இடத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு என்னும் பழைய விதி, புதிய சட்டத்தின் 57-ஆம் பிரிவாக உயிர் பெற்றது. 1971-இல் துப்பாக்கிக் குற்றங்கட்குத் தண்டனையைக் கடுமையாக்கும் மற்றொரு சட்டமும் வந்தது. 1975-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழக்கு விதிகள் விசாரணை முறையையே சுருக்கின.

அவ்விதிகளின் கடுமை பினாங்கிலேயே வெளிப்பட்டது. 1977-இல், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பினாங்கு உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதிக்க நேர்ந்தது. வயதைக் கருத இடமில்லாதவாறு விதி அமைந்திருந்தது. நாட்டு வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்தனர். அவ்விதிகளின்படி நடக்கும் வழக்குகளில் தோன்றுவதில்லை என்று முடிவெடுத்தனர். மன்னிப்பின் வழியே அச்சிறுவன் உயிர் பிழைத்தான். பினாங்கிலிருந்தே எழுந்த தே செங் போ வழக்கில், 1978-ஆம் ஆண்டு இறுதியில், பிரிவி கவுன்சில் அவ்விதிகள் செல்லாவென்று அறிவித்தது. நாடாளுமன்றம் 1979-இல் புதிய சட்டமியற்றி அவற்றை மீண்டும் நிலைநிறுத்தியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீங்கியது. கட்டாயத் தூக்குத் தண்டனை 2023-இல் ஒழிக்கப்பட்டது. துப்பாக்கிக் குற்றங்களிலும் நீதிபதி எடைபோட்டுத் தண்டனை வழங்கும் நிலை, கணபதி மாண்டு எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

பெரிய கூடா, சிறிய கூடா?

இவ்வளவும் அறிந்தபின் தொடக்கக் கேள்விக்கு மீளலாம். .22 துப்பாக்கிக்குப் பெரிய கூடு நன்றா?

தொழில்நுட்பம் தரும் விடை எச்சரிக்கையானது. விளிம்படித் தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்து நிற்கும். பெட்டிக் கூட்டில் அடுக்கும்போது மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னே அமைய வேண்டும்; பின்னே சிக்கினால் தோட்டா நகராது. அடுக்கு உயர உயரச் சிக்கலும் உயரும். விளிம்புகள் சேர்ந்து அடுக்கு சரிவதால் நீண்ட கூடு வாழைப்பழம்போல் வளைகின்றது. இருபத்தைந்து தோட்டாவை மேலே தள்ளும் வில், முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் ஒரே விசையைத் தருதல் அரிது. ஈயக்குண்டின் மெழுகும் கரியும் உள்ளே படிந்தால் தடை மிகும். 1964-இல் வெளிவந்த ரூகர் 10/22 துப்பாக்கியின் கூடு, பத்துத் தோட்டாவையும் சக்கரம் போன்ற உருளையின் தனித்தனிப் பள்ளங்களில் அமர்த்தியது. விளிம்போடு விளிம்பு மோதவில்லை. பத்தோடு நின்ற அக்கூடு பெற்ற நற்பெயரைப் பல பெரிய கூடுகள் பெறவில்லை.

விளையாட்டரங்கமும் இதனையே சொல்லும். ஒலிம்பிக்கின் ஐம்பது மீட்டர்ப் போட்டியில் வீரர் ஒவ்வொரு தோட்டாவாக இட்டே சுடுகின்றனர். பனிச்சறுக்கோடு குறிபார்த்தலையும் இணைத்த போட்டியில் 1978 முதல் .22 துப்பாக்கியே வழங்குகின்றது, அதன் கூட்டில் ஐந்து தோட்டா, இலக்குகளும் ஐந்து. திறமை பெருகுமிடத்தில் கூடு சிறுக்கின்றது.

நாடுகளின் சட்டமும் இவ்வெண்ணிக்கையை நோக்கித் திரும்பியுள்ளது. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996-ஆம் ஆண்டு ஒருவன் முப்பத்தைந்து பேரைச் சுட்டுக் கொன்றபின், அந்நாடு தானியங்கித் தன்மையுள்ள துப்பாக்கிகளைப் பெரிதும் விலக்கியது; .22 வகையிலும் பத்துத் தோட்டாவுக்கு உட்பட்டவற்றைத் தனி வகுப்பில் வைத்துத் தேவை காட்டுவோர்க்கே அளித்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச்சு 15-ஆம் நாள் தொழுகையில் இருந்த ஐம்பத்தொருவர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே வந்த தடைச்சட்டத்தில், பத்துத் தோட்டாவுக்கு மிகாத .22 விளிம்படித் துப்பாக்கிக்கு விலக்குக் கிடைத்தது. முயல் கொல்லும் உழவனுக்கு அது போதுமென்று சட்டம் கருதியது. இச்சட்டங்கள், பிளெவ்னாவில் உருசியர் வேண்டி ஓடிய அந்த இடைவெளியை மக்களுக்கு மீட்டுத் தர முயல்கின்றன. கூடு தீர்ந்து மறுகூடு மாட்டும் சில நொடிகளில் ஒருவர் ஓடித் தப்பலாம். ஒருவர் பாய்ந்து தடுக்கலாம்.

இங்கே இருவகைக் கணக்கு உண்டு. கொலைக்கருவியின் ஆற்றலை எண்ணி, அதற்கு எல்லை வகுத்து, அவ்வெல்லையை எல்லார்க்கும் பொதுவாக்கும் கணக்கு ஒன்று. அது குடிமக்களைக் காக்கின்றது. ஆளப்படுவோர் கையில் ஒன்றே இருந்தாலும் அஞ்சி, சுட்டவனையும் சுடாதவனையும் ஒரே கயிற்றில் தொங்கவிடும் கணக்கு மற்றொன்று. அது ஆள்வோரின் அச்சத்தைக் காட்டுகின்றது. முன்னதில் தோட்டா எண்ணப்படுகின்றது. பின்னதில் மனிதன் எண்ணப்படுவதேயில்லை.

சுங்கை பாக்காப் வட்டாரத்தின் கரும்புக் காடுகள் மறைந்தன. இரப்பர் மரங்களும் பெரிதும் மறைந்தன. அம்மண்ணின் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் ஆறு, பத்து, இருபத்தைந்து என்று எண்ணப் பழகுகின்றனர். ஆறு என்னும் எண்ணுக்கு அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் என்ன விலை இருந்தது என்பதை வரலாற்று ஆசிரியர் சொன்னால் அவர்கள் அறிவர்.